எமுலேட்டரா, அசல் இயந்திரமா? முதலில் டிவியைப் பாருங்கள்

பழைய வீடியோ கேம்களை இன்று விளையாட ஆசைப்படுபவருக்கு இரண்டு வழிகள் சொல்லப்படும். அந்தக் காலத்து இயந்திரத்தையே தேடி வாங்கி, கேசட்டைச் செருகி விளையாடலாம். அல்லது அந்த இயந்திரத்தைப்போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளைக் கணினியிலோ கைப்பேசியிலோ நிறுவிக்கொள்ளலாம். முதல் அணியினர் இரண்டாவதைப் போலி என்பார்கள். இரண்டாம் அணியினர் முதலாவதை வீண் செலவு என்பார்கள். இரண்டு வழிகளிலும் பல வருடங்களாக விளையாடி வருபவன் என்ற முறையில் எனக்கு இரு அணிகள்மீதும் ஒரே குறைதான். இயந்திரத்தைப் பற்றியே பேசிப் பேசி, அது படம் காட்டிய டிவியை இருவரும் மறந்துவிடுகிறார்கள். 1980கள், 1990களின் 8 பிட், 16 பிட் இயந்திரங்களை மென்பொருள் ஏறக்குறைய முழுதாகப் பிடித்துவிட்டது. அவற்றோடு இணைந்திருந்த பிக்சர் டியூப் டிவியை இன்னும் பிடிக்கவில்லை. பணத்தை எதில் போடுவது என்ற கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாம் விளையாடியது எந்த அசல்?

நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதையே உருமாற்றி 1985இல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்ற பெயரில் விற்றார்கள். 1990களில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்று கேட்டால் கிடைத்தவை பெரும்பாலும் இவற்றின் நகல்கள். தைவானின் யு.எம்.சி. போன்ற நிறுவனங்கள் ஃபேமிகாமின் சில்லுகளைப் பார்த்துச் செய்த மாற்றுச் சில்லுகள் அவற்றுக்குள் இருந்தன. கேசட்டின் அடிப்பக்கத்தில் ஜப்பானியக் கேசட்டைப்போல 60 தொடுமுனைகள். அமெரிக்க என்.இ.எஸ். கேசட்டில் இருப்பவை 72. அதனால் பரணில் இருக்கும் உங்கள் பழைய கேசட்டை நம்பி அமெரிக்க என்.இ.எஸ். ஒன்றை இறக்குமதி செய்தால், இடையில் ஒரு மாற்றி இல்லாமல் அது உள்ளேயே போகாது.

இதைவிட முக்கியமான வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தது. இந்தியாவின் பி.ஏ.எல். முறையில் 50 முறை. அந்தக் காலத்து கேம்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி என்று கணக்கு வைத்து நகர்பவை. 60க்கு எழுதிய கேமை 50இல் ஓட்டினால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிறது. மரியோவின் ஓட்டம், ஆமையின் நடை, பின்னணி இசையின் தாளம், மேலே ஓடும் கடிகாரம் எதுவும் தப்பாது. ஐரோப்பாவில் விற்ற அதிகாரப்பூர்வ இயந்திரத்தில் மையச் செயலியின் வேகத்தையும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66க்குக் குறைத்திருந்தார்கள். நகல் சில்லுகளைச் செய்தவர்களோ அதை 1.77இல் நிறுத்தினார்கள். ஜப்பானியக் கேம்கள் தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதன் விளைவு காதில் கேட்கும்: சுருதி ஏறக்குறைய மாறாமல் நின்றது, தாளம் மட்டும் மந்தமானது. இன்னொன்றும் நடந்தது. இந்தச் சில்லுகள் பலவற்றில் சதுர அலை ஒலியின் இரண்டு வகைகள் இடம் மாறிப்போயிருந்தன. மெட்டு அதேதான், ஆனால் அதை வேறொரு வாத்தியம் வாசிப்பதுபோல இருக்கும்.

ஆகவே நினைவைத் தேடிப் போகிறவருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஜப்பானிய ஃபேமிகாமைப் பெரும் விலை கொடுத்து வாங்கினாலும் அதில் ஓடும் மரியோ உங்கள் சிறுவயது மரியோவைவிட வேகமானவன்; அவனுடைய இசையின் குரலும் சற்று வேறு. உங்கள் நினைவுக்கு அருகில் வருவது, வியப்பாகத் தோன்றினாலும், எமுலேட்டர்தான். மெசன் என்ற எமுலேட்டரில் இயந்திர வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'டெண்டி' என்று ஒன்று இருக்கும். ரஷ்யாவில் பெரும் புகழ்பெற்ற ஒரு நகல் இயந்திரத்தின் பெயர் அது. மேலே சொன்ன 50 முறைக் கணக்கு அப்படியே அதில் கிடைக்கும். ஒலி அமைப்புகளுக்குள் போனால், பழைய நகல் இயந்திரங்களைப்போலச் சதுர அலைகளை இடம் மாற்றும் வசதியும் இருக்கிறது. இரண்டையும் இயக்கிவிட்டு 'ரோட் ஃபைட்டர்' விளையாடிப் பாருங்கள். சிறுவயதில் நகல் இயந்திரத்தோடு வளர்ந்த யாருக்கும் அந்தச் சத்தத்தை அடையாளம் தெரியும்.

படைத்தவர்கள் நினைத்த வடிவம் வேண்டுமா, நாம் விளையாடிய வடிவம் வேண்டுமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை ஏளனமாகப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. பல நாடுகளில் ஒரு தலைமுறையே விளையாடிய வடிவம் அது. ஆனால் ஒரு கேமை முதல்முறையாகத் தொடப் போகிறீர்கள் என்றால் 60 முறை வேகத்தில் தொடங்குங்கள் என்பேன். குதிப்பின் தூரமும் எதிரியின் வருகையும் அந்த வேகத்துக்கே அளந்து வைக்கப்பட்டவை.

எமுலேட்டர் துல்லியமானதா?

இந்தக் கேள்விக்கு 1997இல் ஒரு பதில் இருந்தது, இன்று வேறொரு பதில் இருக்கிறது. அந்த வருடம் வந்த நெஸ்டிக்கிள் போன்ற எமுலேட்டர்களுக்கு வேகமே குறிக்கோள். அன்றைய மெதுவான கணினியில் கேம் ஓடினால் போதும் என்று எத்தனையோ குறுக்கு வழிகளை எடுத்தார்கள். சில கேம்களில் ஒலி பிசகும், சிலவற்றில் படம் சிதறும். 'எமுலேட்டர் என்றால் அரைகுறை' என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பிறந்தது.

அதை மாற்றியவர்களில் முதலில் சொல்லப்பட வேண்டியவர், இணையத்தில் பையூ என்றும் பின்னர் நியர் என்றும் அறியப்பட்டு 2021இல் மறைந்த நிரலாளர். சூப்பர் நின்டெண்டோவுக்காக அவர் எழுதிய பிஎஸ்நெஸ் எமுலேட்டரின் கொள்கை எளிமையானது: ஒரு கேமை ஓட வைப்பதற்காகத் தனியாக ஒட்டுப் போடக் கூடாது, இயந்திரத்தின் ஒவ்வொரு சில்லும் எந்த நொடியில் என்ன செய்கிறதோ அதையே செய்ய வேண்டும். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகள் இன்றும் சிந்திக்க வைப்பவை. 'ஸ்பீடி கொன்ஸாலெஸ்' என்ற கேமின் பிற்பகுதியில் ஒரு பொத்தானைத் தொட்டதும் மற்ற எமுலேட்டர்களில் கேம் உறைந்து நின்றுவிடும். காலியான முகவரியிலிருந்து தகவல் படிக்கும்போது உண்மை இயந்திரம் தரும் விநோதமான பதிலை அந்தக் கேம் எதிர்பார்த்ததுதான் காரணம். 'ஏர் ஸ்ட்ரைக் பட்ரோல்' கேமில் விமானத்தின் நிழல் மற்ற எமுலேட்டர்களில் தெரியவே தெரியாது. படத்தின் ஒரு கோடு வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, அதன் நடுவில் அமைப்பை மாற்றி அந்த நிழலை உண்டாக்கியிருந்தார்கள். குண்டு எங்கே விழும் என்று கணிக்க உதவுவது அந்த நிழல். அது தெரியாமல் விளையாடியவர் வேறொரு கேமை விளையாடினார் என்றே சொல்ல வேண்டும்.

இப்படி ஒவ்வொரு பிசகாகத் துரத்திப் பிடித்ததன் பயன் இன்று நம் கையில் இருக்கிறது. என்.இ.எஸ்., சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், கேம்பாய் ஆகியவற்றுக்கு நல்ல எமுலேட்டரைத் தேர்ந்தெடுத்தால், கேமின் நடத்தையை வைத்து அசலையும் மென்பொருளையும் பிரித்தறிவது விளையாடுபவரால் நடக்கிற காரியமல்ல. இயந்திரத்தின் குறைகள்கூட உள்ளே வந்துவிடுகின்றன. ஒரே கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் வந்தால் என்.இ.எஸ். மினுமினுக்கும், எமுலேட்டரும் மினுமினுக்கும். எதிரிகளும் குண்டுகளும் திரையை நிறைத்தால் சூப்பர் நின்டெண்டோவின் 'கிரேடியஸ் 3' தள்ளாடி மெதுவாகும், எமுலேட்டரிலும் அப்படியே. இவற்றை நீக்கும் வசதிகள் உண்டு, ஆனால் 'கிரேடியஸ் 3'இல் அந்தத் தள்ளாட்டத்தை நீக்காதீர்கள். குண்டுமழைக்கு நடுவே விலக நேரம் தருவதே அதுதான்.

எமுலேட்டர் தோற்கும் இடம் ஒன்று உண்டு: பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம். 60 முறைக் கணக்கில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி வினாடி. பழைய இயந்திரமும் பிக்சர் டியூபும் சேர்ந்தால் இடையில் காத்திருப்பு என்று ஒன்றுமே இல்லாத நிலை. எமுலேட்டரிலோ புளூடூத் கன்ட்ரோலர் கொஞ்சம், இயங்குதளம் கொஞ்சம், தட்டைத் திரை டிவி தன் பங்குக்குக் கொஞ்சம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். படத்தை அழகுபடுத்தும் வேலைகளை நிறுத்தாத டிவியே தனியாகப் பல படங்களின் நேரத்தை விழுங்கிவிடும். 'கை வரவில்லையே, வயதாகிவிட்டதோ' என்று பலர் நினைத்துக்கொள்வது இந்தத் தாமதத்தால்தான். தீர்வுக்குப் பெரிய செலவில்லை. டிவியில் கேம் மோடை இயக்குங்கள். கம்பியுள்ள யுஎஸ்பி கன்ட்ரோலர் வாங்குங்கள். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருளில் 2018இல் வந்த ரன்அஹெட் வசதியைத் திறந்து ஒரு படம் என்று வையுங்கள். கேம் தன் உள்ளேயே வைத்திருக்கும் தாமதத்தை அது முன்கூட்டியே ஓட்டிக் கழித்துவிடும். அதிக எண்ணிக்கை வைத்தால் அசைவு வெட்டி வெட்டி வரும். ஒன்றிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

படம் பிறந்த இடம்

இப்போது டிவிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் இதுதான்.

பழைய கேம்களின் ஓவியர்கள் சதுரச் சதுரமான புள்ளிகளை ரசித்து வரைந்தவர்கள் அல்லர். மஞ்சள் நிற ஏ.வி. கம்பி வழியாகக் கலங்கி, டியூபின் கண்ணாடியில் ஒளிர்ந்து, பக்கத்துப் புள்ளியோடு கசிந்து கலக்கப்போகிற ஒன்றை மனத்தில் வைத்தே வரைந்தார்கள். 1991இல் வந்த முதல் 'சோனிக்' கேமில் அருவியைப் பாருங்கள். தட்டைத் திரையில் அது ஒரு கோடு விட்டு ஒரு கோடாகத் தெரியும் நீலக் கம்பி வேலி. மெகா டிரைவால் உண்மையான ஒளிபுகும் நிறத்தை அங்கே தர முடியாது. ஆகவே கோடுகளை நெருக்கமாக வரைந்து, கலக்கும் வேலையை ஏ.வி. கம்பியிடம் விட்டுவிட்டார்கள். டியூப் டிவியில் அந்தக் கோடுகள் கரைந்து, பின்னால் உள்ள பாறை தெரியும் தண்ணீராகின்றன. 1997இல் வந்த 'காசல்வேனியா: சிம்பனி ஆஃப் த நைட்' கேமில் டிராகுலாவின் சிறு முகப்படம் இருக்கிறது. கண்ணுக்கு ஓவியர் வைத்தது சிவப்புப் புள்ளி. தட்டைத் திரையில் அது புள்ளி. டியூபில் அந்தச் சிவப்பு கசிந்து, உங்களை உற்றுப் பார்க்கும் விழியாகிறது.

அசைவிலும் வேறுபாடு உண்டு. எல்.சி.டி. திரை ஒரு படத்தை அடுத்தது வரும்வரை பிடித்து வைத்திருக்கும். நகரும் பொருளைக் கண் பின்தொடரும்போது அது மங்கிப் பூசினாற்போலாகிறது. டியூப் ஒவ்வொரு படத்தையும் பளிச்சென்று காட்டி உடனே அணைந்துவிடும். வேகமாக ஓடும் சோனிக்குப் பின்னால் மரங்கள் கூர்மையாக நிற்பது அதனால்தான்.

துப்பாக்கிக் கேம்களுக்கு டியூப் கட்டாயம். 'டக் ஹன்ட்' விளையாடும்போது விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, பறவை இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கியின் முனையில் உள்ள ஒளி உணரி அந்த மின்னலைப் பார்த்தால் பறவை விழும். அதே நொடியில், டியூபுக்கே உரிய துடிப்போடு, அந்த வெளிச்சம் வர வேண்டும். தட்டைத் திரை தாமதமாகக் காட்டுவதால் துப்பாக்கிக்கு எதுவும் தெரியாது. எமுலேட்டரில் மவுஸால் சுடலாம். சுடலாம் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

எமுலேட்டர்களில் படத்தை டியூபில் தெரிவதுபோல மாற்றிக் காட்டும் ஷேடர்கள் என்ற சிறு நிரல்கள் இருக்கின்றன. மிகுந்த உழைப்பில் உருவானவை, ஒவ்வொரு வருடமும் மேம்படுபவை. 4கே திரையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் அருவியும் விழியும் அழகாகவே வருகின்றன. சாதாரணத் திரையில் அசைவும் துப்பாக்கியும் வருவதில்லை.

இங்கேதான் அதிகம் பேசப்படாத மூன்றாவது வழி திறக்கிறது: எமுலேட்டரையே பிக்சர் டியூப் டிவியில் ஓட்டுவது. ராஸ்பெரி பை 3, 4 ஆகிய சிறு கணினிகளில் இயர்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை உண்டு. அதன் வழியாக ஒலியோடு ஏ.வி. படமும் வெளிவரும் என்பது பலருக்குத் தெரியாது. அமைப்புக் கோப்பில் பழைய கேம் இயந்திரங்களைப்போலவே 240 கோடு முறையில் படம் அனுப்பச் சொல்லலாம். கம்பி வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ராஸ்பெரி பையில் நுனி இடது ஒலி, அடுத்த வளையம் வலது ஒலி, அதற்கடுத்தது தரை, கடைசி படம். வீடியோ கேமராக்களுக்காக விற்கும் கம்பிகள் பல வேறு வரிசையில் இருக்கும். பார்வைக்கு ஒரே மாதிரிதான். எமுலேட்டரின் துல்லியம், ஆயிரம் கேமுக்கும் ஒரே பெட்டி, டியூபின் உயிருள்ள படம் ஆகியவை இப்படி ஒன்றாகக் கிடைக்கின்றன. தாமதம் அசலைவிடச் சற்று அதிகம்தான், ஆனால் தட்டைத் திரையின் பங்கு அதில் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வாய்ப்பு வேறெங்கும் இல்லாத அளவுக்கு இருக்கிறது. 2006 முதல் மாநில அரசு வீடு வீடாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பிக்சர் டியூப் பெட்டிகள். பல வீடுகளில் அவை மூலையில் தூங்குகின்றன, பல பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பெரிய பிராண்டுகளின் டியூப் டிவிகளுக்கும் அதே கதி. பழைய கேம் இயந்திரத்தைச் சேகரிக்க உலகெங்கும் ஆள் இருக்கிறார்கள், சில்லுகளை மறு உருவாக்கம் செய்ய ஆள் இருக்கிறார்கள். டிவிக்காகப் பிக்சர் டியூப் தயாரிக்கும் தொழில் முடிந்துபோய்விட்டது. ஒரு டியூப் உடைந்தால் அதற்கு மாற்று இல்லை. பாதுகாக்கப்பட வேண்டிய அசல் இயந்திரம் எது என்று கேட்டால் நான் டிவியைத்தான் காட்டுவேன்.

கையடக்க இயந்திரங்களின் கதை நேரெதிர். முதல் கேம்பாய் அட்வான்ஸில் திரைக்குப் பின்னொளி கிடையாது. மங்கலான திரையில் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேம்களின் நிறங்களைக் கண் கூசும் அளவுக்கு ஏற்றி வைத்தார்கள். கைப்பேசியில் அப்படியே ஓட்டினால் நிறம் வெளிறிப் பளீரென்று அடிக்கும். எமுலேட்டரில் நிறத் திருத்தத்தை இயக்கினால் சரியாகிவிடும். விளையாடும் வசதியைப் பார்த்தால் இந்த இடத்தில் எமுலேட்டர் அசலைவிட மேல் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இயந்திரம் இல்லாமல் முடியாத கேம்கள்

சில கேம்கள் நிரலோடு முடிந்துவிடுவதில்லை. அவற்றின் பாதி இயந்திரத்தின் உடலில் இருக்கிறது. கேம்பாய் அட்வான்ஸுக்கு 2003இல் வந்த 'போக்தாய்' கேசட்டின் மேல் ஒரு சூரிய ஒளி உணரி இருக்கும். இரத்தக் காட்டேரிகளை வெயிலால் சுட்டெரிக்க வேண்டும். அந்த வெயிலுக்காக விளையாடுபவர் உண்மையிலேயே வெளியே போக வேண்டும். எமுலேட்டரில் வெயிலைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறார்கள். விரலால் வெயிலை வரவழைக்கும்போது கேமின் கருவே போய்விடுகிறது. சித்திரை வெயில் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் இதை அசலில் விளையாடாமல் இருப்பது அநியாயம்.

நின்டெண்டோ டிஎஸ் இயந்திரத்துக்கு 2007இல் வந்த 'ஃபேன்டம் ஹவர்கிளாஸ்' என்ற செல்டா கேமில், மேல்திரையில் உள்ள குறியைக் கீழ்த்திரையின் கடல் வரைபடத்தில் பதிக்கச் சொல்வார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நடக்காது. இயந்திரத்தைப் புத்தகம்போல மூடித் திறந்தால் முத்திரை விழுந்திருக்கும். அந்த நொடியின் வியப்பை, 'மூடியை மூடு' என்ற பட்டியல் வரியை அழுத்திப் பெற முடியாது.

பிளேஸ்டேஷன் 2இன் கன்ட்ரோலரில் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணரும். 'மெட்டல் கியர் சாலிட் 3' கேமில் சதுரப் பொத்தானை மெல்ல விட்டால் துப்பாக்கி சுடாமல் கீழிறங்கும்; சட்டென்று விட்டால் குண்டு பாயும். யாரையும் கொல்லாமல் விளையாட நினைப்பவருக்கு இது உயிர்நாடி. இன்றைய கன்ட்ரோலர்களில் அந்த உணர்வு இல்லை. மற்றபடி பிளேஸ்டேஷன் 2 கேம்களை நல்ல கணினியில் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் விளையாடுவதே சிறப்பு. முப்பரிமாண உருவங்களை அசலைவிடப் பல மடங்கு கூர்மையாக அது வரையும். பழைய கன்ட்ரோலரை யுஎஸ்பி மாற்றி வழியாக இணைத்தால் அழுத்த உணர்வையும் காப்பாற்றிக்கொள்ளலாம். அதை ஆதரிக்கும் மாற்றிதானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அசலை வாங்குவதென்றால்

ஜப்பானிய இயந்திரம் 100 வோல்ட் மின்சாரத்துக்கானது. அதன் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு சரி. அமெரிக்க என்.இ.எஸ். அடாப்டர் மாறுதிசை மின்சாரம் தருவது, ஃபேமிகாம் கேட்பது நேர்மின்சாரம். ஒன்றின் அடாப்டரை மற்றொன்றில் செருகக் கூடாது. முதல் ஃபேமிகாமில் ஏ.வி. துளையே கிடையாது. ஆண்டெனா வழியாக ஜப்பானிய அலைவரிசையில் படம் அனுப்பும், நம் டிவிகள் பலவற்றில் அது அகப்படாது. 1993இல் வந்த ஏ.வி. ஃபேமிகாம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அதன் படமும் ஜப்பான், அமெரிக்க டிவிகளின் என்.டி.எஸ்.சி. முறையில் வருவது, பி.ஏ.எல். மட்டும் தெரிந்த பழைய டிவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும்.

வயதும் தன் வேலையைச் செய்திருக்கும். கேம்பாய்க் கேசட்டில் விளையாடிய நிலையைக் காப்பது உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி. அது தீர்ந்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். 'போக்கிமான் கோல்ட்', 'சில்வர்' கேசட்டுகளில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் இன்னும் சீக்கிரம் தீரும். மாற்றுவதற்குப் பற்றவைப்புக் கோல் பிடிக்கத் தெரிய வேண்டும். பிளேஸ்டேஷன்களில் லேசர் தேயும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று தொடுமுனைகளை அரிக்கும். கேசட்டுக்குள் ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், எச்சில் ஈரம் அந்த அரிப்பைத்தான் கூட்டுகிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும்.

எமுலேட்டருக்கும் அசலுக்கும் நடுவில் எஃப்.பி.ஜி.ஏ. இயந்திரங்கள் இருக்கின்றன. சில்லின் சுற்றமைப்பையே மாற்றி எழுதி, பழைய இயந்திரமாக நடக்க வைப்பவை. மிஸ்டர் என்ற திறந்த மூலத் திட்டம் இவற்றில் புகழ்பெற்றது. தாமதம் மிகக் குறைவு, டியூப் டிவியிலும் நேரடியாக இணைக்கலாம். மிகவும் பிடித்துப்போனவர்களுக்கு அருமையான பெட்டி. முதல் பெட்டியாக வாங்க விலை அதிகம். எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும், பத்தாயிரம் கேம் என்று கூவி விற்கும் மலிவுக் குச்சிகளை மட்டும் வாங்காதீர்கள். அவற்றுக்குள் இருப்பதும் எமுலேட்டர்தான், அதுவும் சரியாக அமைக்கப்படாதது. நீங்களே இலவசமாக நிறுவுவது அதைவிட நன்றாக ஓடும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. எமுலேட்டர் குற்றமல்ல; பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின்மீது சோனி தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கேசட்டில் உள்ள கேமைக் கோப்பாக நகலெடுத்த ரோம் வேறு விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற சொந்தப் பிரதியிலிருந்து வணிக நோக்கமின்றித் தன் பயன்பாட்டுக்காக நகலெடுப்பதற்கு இடம் தருகிறது. பிளேஸ்டேஷன் தட்டுகளைச் சாதாரண டிவிடி டிரைவிலேயே நகலெடுக்கலாம், கேசட்டுகளுக்கு யுஎஸ்பி ரீடர்கள் கிடைக்கின்றன. நம் பரணில் இருக்கும் '9999 கேம்' கேசட்டுகள் இந்த வரம்புக்குள் வருமா என்றால், அவை பெரும்பாலும் அனுமதியற்ற நகல்கள், வராது. அதே நேரம் 2023இல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் வந்த பழைய கேம்களில் 87 விழுக்காடு இன்று எந்த வடிவிலும் விற்பனையில் இல்லை என்று காட்டியது. பழைய கேசட்டை இரண்டாம் கையாக வாங்கினாலும் படைத்தவருக்கு ஒரு காசும் போவதில்லை. ஆகவே, மறுவெளியீடு இருக்கிற கேமைக் காசு கொடுத்து வாங்குவது என்பதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேம்களுக்கு வாடிக்கையாளர் உண்டு என்று நிறுவனங்களுக்குத் தெரியும் ஒரே வழி அது.

என் தீர்ப்பு

ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்க விரும்புபவர் கையில் இருக்கும் கணினியிலேயே எமுலேட்டரோடு தொடங்கட்டும், பணத்தை நல்ல கம்பிக் கன்ட்ரோலரில் போடட்டும். வேலை, குடும்பம் என்று இரவில் அரை மணிதான் கிடைக்கிறது என்பவருக்கும் எமுலேட்டர்தான். நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமித்து மறுநாள் தொடரலாம் என்ற ஒரு வசதிக்காகவே அது போதும். நீண்ட கதைக் கேம்களில் அந்த வசதியை மனதாரப் பயன்படுத்துங்கள். 'கான்ட்ரா' போன்றவற்றில் வேண்டாம். மூன்று உயிர் என்ற அச்சம் போய்விட்டால் அங்கே மிஞ்சுவது பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது மட்டும்தான். ஜப்பானிய மொழியில் மட்டும் வந்து, ரசிகர்களின் மொழிபெயர்ப்பால் திறந்த 'மதர் 3' போன்றவற்றுக்கும் எமுலேட்டரே எளிய வழி.

8 பிட், 16 பிட் கேம்களில் உண்மையான பற்று உள்ளவருக்கு: ராஸ்பெரி பை, எமுலேட்டர், டியூப் டிவி. அசல் ஃபேமிகாமைத் தட்டைத் திரையில் இணைத்து விளையாடுவதைவிட இது அந்தக் காலத்துக்கு நெருக்கமானது. அசல் இயந்திரத்தைப் 'போக்தாய்', டிஎஸ் கேம்கள், துப்பாக்கிக் கேம்கள் ஆகியவற்றுக்காக வாங்குங்கள். சேகரிப்பின் மகிழ்ச்சிக்காக வாங்குவதும் நல்ல காரணம்தான், அதை 'இதுதான் துல்லியம்' என்ற வாதத்தோடு கலக்க வேண்டியதில்லை.

டியூப் டிவி வாங்கப் போகும்போது ஒரு பழைய டிவிடி பிளேயரையும் ஏ.வி. கம்பியையும் எடுத்துச் செல்லுங்கள். பிளேயரின் அமைப்பில் முதலில் பி.ஏ.எல்., பிறகு என்.டி.எஸ்.சி. என்று மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் நிறம் வந்தால் எல்லா நாட்டு கேமுக்கும் அந்தப் பெட்டி ஆகும். கால் மணி நேரம் ஓடவிட்டுப் படத்தின் ஓரங்கள் சுருங்குகின்றனவா, மூலையில் நிறம் திட்டுத்திட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் டியூபுக்குள் உயிருக்கு ஆபத்தான அழுத்தத்தில் மின்சாரம் தங்கியிருக்கும். எந்த ஊரிலும் பழைய டிவி மெக்கானிக் ஒருவர் இன்னும் இருப்பார். பழுது இருந்தால் அவரிடமே கொடுங்கள், அவர் கடையில் விற்பனைக்கு வேறு பெட்டி இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.